ஏஞ்சல் கொண்டுவந்த பாட்டில்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் இது நடந்தது. 1993-ல், சாந்தோமில் நான் வேலை பார்த்த சின்ன லேபில். டெஸ்ட் டியூபில் தெரியாததை எழுதும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஏஞ்சல் பக்கத்துக் குப்பத்துப் பெண். அம்மா அந்தோணியம்மாளோடு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். இரண்டு கரு கலைந்து, மூன்றாவது தங்கி, எட்டாம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சீட்டோடு வந்தாள். கால் வீங்கி, செருப்பே நுழையவில்லை.

"காலைல போற முதல் யூரினைப் பிடிச்சுக் கொண்டாம்மா. உப்பு, சர்க்கரை ரெண்டும் பார்த்துடலாம்," என்றேன். உப்பு என்று நம் ஜனங்கள் சொல்வது அல்புமின் என்கிற புரதத்தை.

"இந்தப் புள்ளயாவது நிக்கணும்க்கா."

மறுநாள் பாட்டிலோடு வந்தது அந்தோணியம்மாள். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். செங்கல் நிறம். சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. இன்னொரு டியூபின் மேல்பகுதியைச் சூடு காட்டினேன். புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரியும். திரியவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. வீக்கத்தோடு புரதமும் போனால் வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். அப்படி இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பேன். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லி ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

திங்கள் காலை ஆறு மணி. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. கரண்ட் இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன்.

நிமிர்ந்தால்... ஏஞ்சல் நிற்கிறாள்.

அந்த வயிற்றோடு எப்படிக் குனிந்து உள்ளே வந்தாள்? சத்தமே கேட்கவில்லை. புடவை ஓரத்திலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது. சொட்... சொட்... வெளியே மழை இல்லை.

"சீக்கிரம் பாருக்கா."

இருமல் மருந்து பாட்டில். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. வாங்கினேன். விரல் விறைத்துப்போனது. அப்போது பிடித்த யூரின் வெதுவெதுப்பாக இருக்கும். இது... மீன் பெட்டி ஐஸ் மாதிரி இருந்தது.

நீல மருந்து கொதித்தது. நீலமாகவே இருந்தது. சர்க்கரை துளியும் இல்லை.

அடுத்த டியூபைச் சூடு காட்டினேன். மேலே வெள்ளை. ஆசிட் ஒரு சொட்டு விட்டேன். கரையவில்லை, புரதமேதான். அவித்த முட்டை மாதிரி உறைந்துவிட்டது.

"ஏஞ்சல்... சனிக்கிழமை வந்தது..."

"அது என்னுது இல்லக்கா."

கீழே பார்த்தேன். அவள் காலில் வீக்கமே இல்லை.

டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

யாரும் இல்லை.

தரையில் ஈரம்...

பாட்டிலை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். அவள் வீட்டு வாசலில் கூட்டம். விடியும் முன்பே வலிப்பு வந்ததாம். ஆட்டோ வருவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்களாம். இந்த வெள்ளையைச் சனிக்கிழமையே பார்த்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம்.

மகளின் உடலருகே உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள் என் கையில் இருந்த பாட்டிலையே பார்த்தாள்.

"சனிக்கிழமை குடுத்தது யாருது?" என்று கேட்டேன்.

"என்னுதும்மா. மாசமா கீற பொண்ணோடது வெளிய போனா எவளாவது செய்வினை வச்சிடுவாளோன்னு பயந்துக்கினேன். ஏற்கெனவே ரெண்டு போச்சே. அவகிட்ட சொல்லாம மாத்திட்டேன்."

"அப்ப அவ புடிச்சது?"

அவள் பாட்டிலை வாங்கி, சிவப்பு நூலைத் தடவினாள். அடிப்பக்கம் ஒட்டியிருந்த ஈர மணல் அவள் மடியில் உதிர்ந்தது.

"இதான். அவ கட்டுன நூலு. அன்னைக்கே கடல்ல வீசிட்டேன்..."

பிறகு மகளின் பக்கம் திரும்பினாள். மெதுவாக அவளுடைய வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் காலோட தண்ணில எறங்கித் தேடியிருக்காளே."