சிடி மட்டும் படிக்கும் டிரைவ்

சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நாட்களில், லால்குடியிலிருந்து ஒருவர் பழைய சிபியூவைச் சுமந்து வந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார். மகளின் கல்யாண டிவிடி ஓடவில்லையாம்.

"டிஸ்க் படிக்கிற டிரைவ்கிட்ட, உன்னால என்னென்ன படிக்க முடியும்னு கம்ப்யூட்டர் கேக்கும்ங்க. உங்க டிரைவ் சிடி மட்டும்தான்னு சொல்லுது" என்றேன்.

கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். திரையில் மகள் சிரித்தபோது அவரும் சிரித்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டிவிடி டிரைவ் ஒண்ணு இருக்கு, மாத்தித் தந்துடறேங்க."

"வேண்டாங்க. மாத்திட்டா வீட்ல தனியாத்தான உக்காந்து பாக்கணும்."

அடுத்த வாரம் டிவிடியை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். மகள் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.