மாரியம்மன் படத்து ஆணி

மழை பெய்தால் பியூஸ் போகிறது என்று கூப்பிட்டார்கள். மலாயாவில், மூவார் ஊரில் வீடுகளுக்குக் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் சுவரில் நடுவே குடைந்த மரப்பட்டை அடித்து, அதற்குள் ஒயர் ஓட்டுவோம். சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது, மரப்பட்டையில் நிற்கும். நம் ஆட்கள் சாமி படத்தை வேறெங்கே மாட்டுவார்கள்? வீடு வீடாகத் திட்டியே என் தொண்டை வற்றிப் போயிற்று.

என்னைக் கூப்பிட்டது, ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணியின் வீட்டில். கூடத்தில் மாரியம்மன் படம் பித்தளைச் சங்கிலியில் தொங்கியது. டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை ஆணியிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தேன். எரிந்தது. ஆணி ஒயரைத் துளைத்து, மழையில் ஊறும் சுவர்வரை போயிருந்தது. சங்கிலி, பித்தளைச் சட்டம், எல்லாவற்றிலும் கரண்டு.

"அக்கா, இந்தப் படத்தத் தொடுவீங்களா?"

கிராணியின் மனைவி சிவகாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பூ வெக்கிறப்பல்லாம் கை ஜிவ்வுங்குது தம்பி. ரெண்டு புள்ளையும் காய்ச்சல்ல போனப்புறம் இப்பதான் ஆத்தா எங்கிட்டப் பேசுறா."

"அது ஆத்தா இல்லக்கா, கரண்டு. ஈரக் கையில தொட்டா ஆளையே கொன்னுடும்."

"வாயக் கழுவு! அந்த ஆணியில கைய வெக்காத."

அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். கிராணி என்னை வாசலுக்கு இழுத்துப் போனார்.

"விட்டுடு லா. அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

நான் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "நாளைக்குப் புதுப் பட்டையோட வர்றேன். அதுவரைக்கும் மண்ணெண்ணெய் விளக்கு ஏத்திக்குங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டையோடு போனேன். வாசலில் கூட்டம். ஆத்தா பேச்சை நிறுத்திவிட்டாள் என்று இரவெல்லாம் மனைவி அழுததைப் பொறுக்க முடியாமல், கிராணி பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியைச் செருகியிருக்கிறார். அவள் விடிந்ததும் தலை முழுகிவிட்டு, ஈரக் கையோடு செம்பருத்தி வைத்திருக்கிறாள்.

கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்பு உதறுச்சு தம்பி. ஆத்தா எறங்கிட்டான்னு நெனச்சு நான் கும்புட்டுக்கிட்டு நின்னேன்."

கூடத்தில் சிவகாமியைக் கிடத்தியிருந்தார்கள். மெயினை அணைத்து ஆணியைப் பிடுங்கினேன். சின்ன ஆணிதான், லேசாக வந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, பியூஸைப் பிடுங்கினால் போதாது. யாராவது அன்பு மிகுதியால் திரும்பப் போட்டுவிடுவார்கள். ஒயரையே வெட்டி எறிந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்காரர் அழட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும். திட்டுவதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும்.