மலாக்கியைச் சுட்டவன்

ஃபெலிம் டார்ப்பியும் மலாக்கி கில்லும் அயர்லாந்தின் மேயோவில் ஒரே ஊர்க்காரர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வீட்டாரைப் புதைத்துவிட்டு ஒரே கப்பலில் அமெரிக்கா வந்தவர்கள். டிராய் நகரத்து இரும்பு உலையில் சேர்ந்து வெந்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டதும் சேர்ந்தே பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். பட்டாளத்தில் நானும் அதே கம்பெனிப் பிரிவுதான்.

“பஞ்சத்துக்கே சாகாதவனுங்க, பீரங்கி என்னடா பண்ணும்?” என்பான் மலாக்கி.

வர்ஜீனியா முகாமில் சேறும் பனியுமாகக் கிடந்தபோது அவன் மனைவி ஒனோருக்குப் பிரசவம் சிக்கலென்று கடிதம் வந்தது. விடுப்புக் கேட்டான். “ஐரிஷ்காரனுக்கு மாசம் ஒரு பொண்டாட்டி சாவக் கிடக்கா” என்று கேப்டன் சிரித்தார். மலாக்கி சொல்லாமல் கிளம்பிவிட்டான். ரயிலடியில் பிடித்தார்கள். தீர்ப்பு மரணம்.

சுடும் பன்னிரண்டு பேரில் ஒருவனாக ஃபெலிமைக் கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“ஐயா, என்னை விட்டுருங்க.”

“மாட்டேன்னா அவன் பக்கத்துல உனக்கும் ஒரு சவப்பெட்டி போடச் சொல்றேன்.”

நான் அவனிடம், “ஒரு துப்பாக்கியில குண்டு இருக்காதாம். அது உன்னோடதுன்னு நெனச்சுக்கோடா” என்றேன்.

காலையில் மலாக்கியை அவனுடைய சவப்பெட்டி மேலேயே உட்கார வைத்தார்கள். எல்லோரும் சுட்டார்கள். பெரும்பாலான குண்டுகள் அவனைத் தாண்டி மண்ணில் தைத்தன. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான், ஆனால் சாகவில்லை. குண்டு நிறைத்த துப்பாக்கி ஒன்றைக் கேப்டன் ஃபெலிமிடம் நீட்டினார்.

“கிட்டப் போய் முடி.”

மலாக்கி அண்ணாந்து பார்த்தான். “சீக்கிரம்டா ஃபெலிம்.”

போர் முடிந்து டிராய் திரும்பியதும் ஃபெலிம் நேரே ஒனோர் வீட்டுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். குழந்தை தங்கவில்லை, அவள் பிழைத்திருந்தாள். மலாக்கி காய்ச்சலில் செத்தான் என்று சொல்லும்படி வழியெல்லாம் கெஞ்சியிருந்தேன். ஃபெலிம் உள்ளதைச் சொன்னான்.

“ரொம்பத் துடிச்சானா?” என்று கேட்டாள்.

“துடிச்சான். மொத தடவை எனக்கு மனசு வரல. வேணும்னே தள்ளிச் சுட்டேன்.”

ஒனோர் அவன் கைகளைப் பார்த்தாள்.

“அப்பவே நெஞ்சைப் பாத்துச் சுட்டிருக்கலாமே, பாவி” என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் பதினாறு வருடம் ஃபெலிம் அதே தெருவில் குடியிருந்து அதே உலைக்கு வேலைக்குப் போனான். அவன் எதிரே வந்தால் அவள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். நுரையீரல் கெட்டு அவன் செத்தபோது நான்கு பேர் தூக்கிப் போனோம். அவள் ஜன்னல் திறக்கவில்லை.