மெதுவாக வாசித்த ஸொனாட்டா

பியானோவில் ஒரே கட்டையை மூன்று விரல்கள் மாறி மாறித் தட்டினால், சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், கம்பம் என்று நாங்கள் சொல்லும் காஜா பெராங் கிராமத்தில், எங்கள் பலகை வீட்டு முன்னறையில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன பியானோவை, ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் ‘டிரஸ்ஸராக’ இருந்த அப்பா லோரியில் ஏற்றிவந்து, அக்காவைக் கான்வென்டில் பழகச் சேர்த்துவிட்டிருந்தார். பரீட்சைக்கு அவள் வாசித்தது, இருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ எழுதிய ஒரு குட்டி ஸொனாட்டா. சோகமான சுரங்கள்தாம், ஆனாலும் துள்ளி ஓடும். ஒரு வரியைச் சொல்லி, உடனே அதையே மறுபடி சொல்லும்.

“பாசாயிட்டா நீதாம்மா நம்ம கம்பத்துல மொத பியானோ டீச்சர்” என்பார் அப்பா.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை துக்க வீட்டில் பாட்டு ஆகாது. ரேடியோவைத் துண்டு போட்டு மூடிய அத்தை, பியானோவுக்குத் துண்டு போதாமல் பெட்ஷீட்டைத் தேடி எடுத்துவந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான்.

“அத்தை, பரீட்சை...” என்றாள் அக்கா.

“அப்பன் போன வீட்டுல டிங்கு டிங்குனு தட்டுவியாடி? கம்பமே காறித் துப்பும்லா!”

மூன்றாம் நாள் அக்கா ஜன்னலைச் சாத்தினாள். பெட்ஷீட்டைப் பாதி விலக்கி, பாட்டு என்றே யாருக்கும் தெரியாதபடி வேகத்தையெல்லாம் இறக்கி, ஸொனாட்டாவைக் கட்டை கட்டையாக அமுக்கினாள். துள்ளல் உதிர்ந்துபோய், அதற்குள் அடங்கிக் கிடந்த அழுகை மட்டும் வெளியே வந்தது. திட்டிக்கொண்டே ஓடிவந்த அத்தை, அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டார். அப்பாவைத் தூக்கிப்போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரையே பார்த்திருந்த அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“சொன்னதையே சொல்லுது பாருங்க அண்ணி. நானும் மனசுக்குள்ள அதத்தான் செய்றேன்” என்றார் அம்மா.

அத்தை மூக்கை உறிஞ்சினார். “இது பாட்டுல சேராது. நீ வாசிடி.”

அன்றிலிருந்து தினமும் அக்கா அப்படியே வாசித்தாள். அம்மாவும் இரண்டு வாய் சாப்பிட ஆரம்பித்தார்.

பரீட்சையன்று, காரியம் முடியாமல் படி தாண்டக்கூடாத அம்மா, “நானும் வர்றேன்” என்று எழுந்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பெச்சாக்காரர் தன் சைக்கிள் ரிக்‌ஷாவில் எங்கள் மூவரையும் பரீட்சை நடக்கும் பண்டார் ஹிலிருக்கு மிதித்துக்கொண்டு போனார். வராந்தா பெஞ்சில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து ஸொனாட்டா வந்தது, வீட்டில் கேட்ட அதே நடையில்.

அக்கா பாசாகவில்லை. ஓட வேண்டிய உருப்படியை நடத்திக் காட்டியதாகப் பரீட்சை வைத்த துரை எழுதியிருந்தார்.

“அந்தத் தொரை சாவு விழாத எந்த வீட்டுல வளந்தாரோ!” என்றார் அம்மா.

மறு வருஷம் பியானோவை விற்றோம். அக்கா டெலிபோன் ஆபீசில் வேலைக்குப் போனாள். பலகை வீடு இருந்த இடத்தில் இன்று டயர் கடை. அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. போன மாதம், செங் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டில், அவள் பேரனின் கைபேசியில் யாரோ அந்த ஸொனாட்டாவைத் தலைதெறிக்கும் வேகத்தில் வாசித்தார்கள்.

“ஏன்க்கா, அன்னிக்கு வேகம் மறந்துபோச்சா?” என்று கேட்டேன்.

“மறக்கலடி. வெளிய அம்மா உக்காந்திருந்தாங்க. துள்ளத் துள்ள வாசிச்சிருந்தா, வீட்டுல வாசிச்சதெல்லாம் நடிப்புன்னு நினைச்சிருக்க மாட்டாங்களா?”