மாமாவின் பன்னிரண்டு பாட்டுகள்

எனக்குப் பத்து வயதும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தபோது, மாமாவின் வாழ்க்கையைத் திகதிவாரியாக ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என் கைக்கு வந்தது. என் திறமையைக் கண்டு யாரும் அதைத் தரவில்லை. அன்றைக்கு வீட்டில் எழுதப்படாத கொப்பி என்னிடம் மட்டுமே இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் குடியேறியிருந்த நோபல் பார்க் வீட்டுக்கு இலங்கையிலிருந்து ஒரு சிறிய பையுடன் வந்து, வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். அவருடைய விசா முடிவதற்குள், தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் தன் வாழ்க்கை முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கறிஞரான வெள்ளைக்காரப் பெண் மிகவும் அன்பானவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எது எப்போது நடந்தது என்பதைத் திகதியோடு, முன்னும் பின்னும் மாறாமல் சொல்ல வேண்டும். திகதிகள் பிசகினால் கதை பொய்யென்று ஆகிவிடும். கதை பொய்யென்றால் மாமா போக வேண்டியதுதான்.

மாமாவுக்கோ திகதிகளே இல்லை. அவரிடம் பாட்டுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு, மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு, குசினி மேசையைச் சுற்றி அமர்வோம். அப்பா கேள்வி கேட்பார். அம்மா தேத்தண்ணீர் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

“எப்ப சைக்கிளால விழுந்து கால் முறிஞ்சது?” என்று அப்பா கேட்டால், மாமா கூரையைப் பார்த்து யோசிப்பார்.

“அந்த ரயில் பாட்டு வந்த புதுசு, அத்தான். ஆஸ்பத்திரியில நேர்ஸ்மார் எல்லாம் அதைத்தான் பாடிக்கொண்டு திரிஞ்சவை.”

“மச்சான், வெள்ளைக்காரனுக்கு ரயில் பாட்டு விளங்காது. வருஷத்தைச் சொல்லும்.”

“வருஷம் எனக்கு வராது. பாட்டு வரும்.”

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஒரு வழி சொன்னேன். பாட்டுக்குப் படம் இருக்கும், படத்துக்கு வருஷம் இருக்கும். வருஷத்தை அறிய, பக்கத்து ஊரான டண்டினோங்கில் ஓர் ஆளும் இருந்தார். பருப்பு, மிளகாய்த்தூளோடு வீடியோ கசெட்டுகளும் வாடகைக்குக் கொடுக்கும் கடை அங்கிள். சென்னைக்காரர். எந்தப் படம் எந்தத் தீபாவளிக்கு வந்தது, எத்தனை நாள் ஓடியது என்பதையெல்லாம் அரிசி நிறுத்துக்கொண்டே சொல்லுவார்.

கொப்பியில் நான்கு நிரல்கள் கீறினேன்: பாட்டு, எங்கே கேட்டது, அப்போது நடந்தது, வருஷம். கடைசி நிரலைக் கடை அங்கிள் நிரப்புவார். மாமா பாட்டின் முதல் இரண்டு வரியை எனக்குச் சொல்லித் தருவார். நான் அதைக் கடையில் பாடிக் காட்ட வேண்டும். என் இராகம் நன்றாக இருந்ததில்லை.

“பாப்பா, நீ பாடறது எனக்குச் சத்தியமா புரியல. வார்த்தையை மட்டும் சொல்லு, போதும்” என்பார் அங்கிள். பிறகு மாதத்தோடு வருஷத்தை நொடியில் சொல்லுவார்.

மூன்று ஞாயிறுகளில் பன்னிரண்டு பாட்டுகள் சேர்ந்தன. மூன்றாவது பாட்டு பாதிதான். அம்மப்பா இறந்த செய்தி வந்தபோது பக்கத்து வீட்டில் அது போய்க்கொண்டிருந்ததாம். மரியாதைக்காக வானொலியை நிறுத்திவிட்டார்கள். அதன் இரண்டாம் சரணம் இன்று வரை தனக்குத் தெரியாது என்றார் மாமா. ஆறாவது பாட்டு அப்பா அம்மாவின் கலியாணத்தன்று ஒலிபெருக்கியில் போட்டது.

“இதுக்குக் கடைக்காரரைக் கேக்கத் தேவையில்லை. என்ர கலியாணத் திகதி எனக்குத் தெரியும்” என்றார் அப்பா.

“போன வருஷம் எங்கை போனது அந்தத் திகதி?” என்று அம்மா கேட்டார். மாமா அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

ஏழாவது பாட்டு, நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டு இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன காலத்தில் வானொலியில் கேட்டது. எட்டாவது, ஒரே குடைக்குள் இருவர் நனையும் மழைப் பாட்டு. கோயிலுக்குப் புதுத் தேர் செய்து ஓடவிட்ட திருவிழாவில் அதை முதன்முதலாகக் கேட்டேன் என்றார். கடைசி நான்கும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கேட்டவை. நிரல்களில் ஒரு வெற்றுக் கட்டம் இல்லை. அவ்வளவு திருப்தியான ஒரு பக்கத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை. அப்பா அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். வழக்கறிஞர் தட்டச்சுச் செய்து அனுப்பினார்.

குடிவரவு அலுவலகத்து நேர்முகத்துக்குப் போன மாமாவும் அப்பாவும் பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றாமலே அப்பா கதிரையில் உட்கார்ந்தார். விண்ணப்பத்தோடு மாமா ஒரு புகைப்படமும் கொடுத்திருந்தார். புதுத் தேரின் வடக்கயிற்றைப் பிடித்தபடி அவர் நிற்கும் படம். அதன் பின்புறத்தில் ஸ்ரூடியோக்காரர் திகதி முத்திரை குத்தியிருந்ததை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதிகாரி கவனித்திருக்கிறார். முத்திரையின் திகதி, என் கொப்பியில் இருந்த திகதிக்குப் பதினான்கு மாதங்கள் பிந்தியிருந்தது. படம் பொய்யா, வாக்குமூலம் பொய்யா என்று இரண்டு கிழமைக்குள் விளக்கம் சொல்லும்படி கேட்டிருந்தார்.

எட்டாவது பாட்டு. என் கையெழுத்து. நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். மாமாதான் வந்து கதவைத் தட்டினார். “பிள்ளை, பிழை உங்களில இல்லை. வெளியில வாங்கோ.”

அடுத்த நாள் அப்பா கடை அங்கிளிடம் போய் வருஷத்தை மறுபடியும் கேட்டார். அங்கிளுக்குக் கோபம் வந்துவிட்டது. “சார், அந்தப் படத்தை முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன் நான். சட்டை கிழிஞ்சு வெளிய வந்தேன். எனக்கா வருஷம் தெரியாது?”

அப்பாவுக்கு அதிலிருந்துதான் விடை கிடைத்தது. அது சென்னை வருஷம். எங்கள் ஊருக்குப் படங்கள் பிந்தித்தானே வரும்! பதினான்கு மாதம் பிந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான் கதை. குசினியில் ஒரு சின்னக் கொண்டாட்டமே நடந்தது. நான் அழிறப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா மட்டும் எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பாட்டுக் கசெட் இருந்தது. சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஊரில் வானொலியில் போன பாட்டுகளைப் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பியது. உறையில் பச்சை மையால் பாட்டுகளின் பெயரும் அனுப்பிய திகதியும் எழுதியிருந்தன. முதல் பாட்டு குடைப் பாட்டு. திகதி, கடை அங்கிள் சொன்ன அதே வருஷம்.

“படம் பிந்தித்தான் வந்திருக்கும். பாட்டு பிந்தி வரேல்லை” என்றார் அம்மா. “எங்கட வீட்டு ரேடியோவிலதான் தங்கச்சி பதிஞ்சவள். நாளுக்கு நாலு தரம் போட்டிருப்பாங்கள். ஒரு வருஷத்துக்கு மேல நீ இதைக் கேக்காமல் எப்பிடி இருந்தனீ, தம்பி?”

மாமா கசெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் வீட்டில நிக்கேல்லை, அக்கா.”

“ஓம், கொழும்பில படிக்கிறாய் எண்டுதான் அம்மா எழுதினவ. கொழும்பில ரேடியோ இல்லையோ?”

எனக்குக் கேள்வி மிகவும் நியாயமானதாகப் பட்டது. நானும் பதிலுக்காகப் பென்சிலோடு காத்திருந்தேன்.

“பிள்ளை” என்றார் மாமா என்னைப் பார்த்து, “ஏழுக்கும் எட்டுக்கும் இடையில கொஞ்சம் இடம் விடுங்கோ.”

“எவ்வளவு, மாமா?”

அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார். விளையாடுவதற்கு யாரும் இல்லை என்றேன். அப்படியானால் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்று என்றார். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. நான் ஈரமான மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, குசினி யன்னலைப் பார்த்தேன். மாமா மேசையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். அம்மா நின்றுகொண்டிருந்தார். பிறகு மாமா இருந்த கதிரையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்பா எழும்பி யன்னல் திரையை இழுத்துவிட்டார். எங்கள் வீட்டில் பகலில் திரை இழுப்பதில்லை. பாட்டைப் பிந்திக் கேட்டதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேறு விதமாக நடந்தது. மாமா வழக்கறிஞரிடம் தனியாகப் போனார். அப்பா வெளியே காரில் காத்திருந்தார். அதுவரை மொழிபெயர்த்த அன்ரி எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தவர், நல்லவர். ஆனால் இனி வேறு ஆள் வேண்டும் என்று மாமா கேட்டதால், சிட்னியிலிருந்து யாரோ முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். வழக்கறிஞர் மாமாவிடம், இதைத்தான் நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றாராம். அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். எதை என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மா அந்த நாட்களில் மாமாவின் தட்டில் கேட்காமலே சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. மாமா இருக்கலாம்.

அதைக் கொண்டாட, வந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனோம். நான் ஒரு பரிசு தயாரித்திருந்தேன். பன்னிரண்டு பாட்டுகளையும் புதுக் கொப்பியில் திருத்தமாக எழுதி, அட்டையில் வண்ணப் பேனையால் ‘மாமாவுக்குப் பிடித்த பாட்டுகள்’ என்று தலைப்பிட்டிருந்தேன். ஒரு குறைதான் இருந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில், மாமா கேட்டபடி விட்ட வெற்று வரி.

பக்கத்து மேசையில் சிங்களக் குடும்பங்கள் சில வந்திருந்தன. இலங்கை என்று தெரிந்ததும் கையசைத்து, ஒரு தட்டில் கட்லட் கொடுத்தனுப்பினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் கிற்றார் எடுத்தார். துள்ளலான பாட்டு. பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். மாமா எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பூங்கா அடுப்பில் கோழித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இடுக்கி அப்படியே நின்றது. உதடுகள் அசைந்தன. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு சொல் தவறாமல், சத்தமில்லாமல் அவர் கூடவே பாடினார். கோழி கருகியது.

“மாமா, உங்களுக்குச் சிங்களம் தெரியுமோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப இந்தப் பாட்டு?”

“பாட்டுத் தெரியும்.”

“எங்கை கேட்டனீங்கள்?”

“பக்கத்து அறையில ரேடியோ வைச்சிருந்தவங்கள். ஒவ்வொரு நாளும் போடுவாங்கள்.”

“எப்ப?”

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மாமாவின் கையிலிருந்த இடுக்கியை அவர் வாங்கிக்கொண்டார். மாமா என்னைப் பார்த்து, “ஏழுக்கும் எட்டுக்கும் இடையில” என்றார்.

சிங்களம் தெரியாத ஒருவருக்கு ஒரு சிங்களப் பாட்டு முழுவதும் பாடமாக வேண்டுமானால் அதை எத்தனை நாள் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் எழும்பிப் போக முடியாத எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. பதினான்கு மாதங்கள் அவரை அடைத்து வைத்திருந்தார்கள் என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வரியும் பிழைவிடாமல் பாட வேண்டுமானால் அந்தப் பாட்டை அவருக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும் என்பதுதான்.

கிற்றார் வைத்திருந்தவரிடம் ஓடிப் போய்ப் பாட்டின் பெயரைக் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு எழுத்துக் கூட்டிச் சொன்னார். புல்லில் உட்கார்ந்து, வெற்று வரியில் அதை எட்டு என்று எழுதி, கீழே இருந்தவற்றின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்துப் பதின்மூன்று வரை மாற்றினேன். பிறகு கொப்பியை மாமாவிடம் நீட்டினேன். அவர் அட்டையை வாசித்தார். உள்ளே திறந்து, அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவா எழுதியிருக்கிறியள், பிள்ளை” என்றார்.

நான் மற்றப் பிள்ளைகளோடு ஆடப் போனேன்.