போலே, படம்

இந்த ஊரில் எதற்கும் ஒரே சொல் போதும்: ‘போலே’. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தலாமா? போலே. நாளைக்கு லீவு எடுக்கலாமா? போலே. ஒன்றைப் போலே இன்னொன்று என்று நாம் சொல்லும் அதே சொல், மலாய்க்காரர் வாயில் ‘முடியும், ஆகட்டும்’ என்றாகிவிடுகிறது. கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து இந்த மலாய் நாட்டுச் செமிலிங்குக்கு வந்த எனக்கு முதலில் படிந்த மலாய்ச் சொல்லும் அதுதான். புரியாத கேள்விக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் சுங்கை பட்டாணியில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தொலைபேசிக் கம்பியில் கடிதம் வாங்கும் கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி அருளுக்கும் அப்படியொன்று வாய்த்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவான். ‘அக்கா, palam சாப்பிட்டேன்’ என்று ஒருநாள் எழுதினான். பழமாம்! பாலத்தைத் தின்றுவிட்டால் ஆற்றை எப்படிக் கடப்பாய் என்று பதில் போட்டேன். சின்ன வயதிலேயே, “இவன் பசிக்கு அழுததைவிடக் கேள்வி கேட்டு அழுததுதான் அதிகம்” என்பாள் அம்மா. கடிதத்திலும் பாதி கேள்விதான்.

அந்தக் குளிர்காலத்தில் பனியில் கார் சறுக்கி அவன் போய்விட்டான். கடைசியாக முகம் பார்க்கப் போகக்கூட என்னால் முடியவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் அவன் கடிதங்களில் ஒன்றைத் திறந்து படிப்பேன். அவ்வளவுதான் எனக்கு மிச்சம்.

பிறகு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பினாங்கிலிருந்து பழுதுபார்க்க வந்த அஸ்மான், உள்ளே இருக்கும் மென்பொருளையெல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்றார். நடுவில் என்னைப் பார்த்து, “காக், சூராட் லாமா, படம் போலே?” என்று கேட்டார். காக் என்றால் அக்கா, சூராட் லாமா பழைய கடிதம், அது தெரியும். புது மென்பொருளில் படமெல்லாம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தம்பி கடிதத்துக்குப் படமும் வருமா என்று பூரித்துப்போய், “போலே, போலே!” என்றேன்.

மாலையில் திறந்தால் திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. “அண்ணே, தம்பி எழுதினதெல்லாம் எங்கே?” என்று ஸ்டோர்க்காரர் செபஸ்தியான் அண்ணனிடம் ஓடினேன். செர்டாங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், மலாய் நன்றாகத் தெரிந்தவர். அஸ்மானிடம் விசாரித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“ஐயோ தங்கச்சி, படம்னா அழிக்கிறதுலா! சினிமாப் படம்னு நெனச்சிட்டியா? பூம்பூம் மாடு கூட மேளம் கேட்டுத்தான்மா தலையாட்டும்.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அஸ்மான் பிளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் வரிகள் வந்தன. எல்லாம் நான் எழுதியவை. தொலைபேசிச் செலவுக்குப் பயந்து என் கடிதங்களை முன்கூட்டியே தட்டி பிளாப்பியில் வைத்திருந்தேன். அவனுடையவை கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்து அழிந்துவிட்டன.

“பாதியாச்சும் கெடைச்சிச்சேம்மா,” என்றார் அண்ணன். அஸ்மான் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

பச்சை எழுத்தில் படித்துக்கொண்டே போனேன். குளிருக்கு என்ன போர்த்துகிறாய்? பாலத்தைத் தின்றுவிட்டால் ஆற்றை எப்படிக் கடப்பாய்? கடைசிக் கடிதத்தின் கடைசி வரி: ‘நீ கேட்டதற்கு ஆமாம். கட்டாயம் ஆமாம்.’

என்ன கேட்டிருந்தான்? ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறாயா என்றா? அந்த ஊர் உனக்குப் பிடித்துப்போய்விட்டதா என்றா? அவன் கேட்ட அத்தனை கேள்விகளில் எதற்கு இந்த ஆமாம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இரண்டுக்குமே ஆமாம் சொல்லக்கூடியவள்தான் நான்.

செமிலிங் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் வழக்கம்போல், “பாலேக், காக்?” என்று சிரித்தார். ஊருக்குத் திரும்புகிறாயா அக்கா என்கிறார். இந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.