குடியிருப்பாளர் எவருமில்லை

ஆழ்வாப்பிள்ளை ஐயாவுக்குப் பாராட்டு மலர் போடப் போகிறார்களாம். பென்சன்காரர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அவரை நீண்ட காலம் அறிந்தவன் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை எழுதுவது என் தொழில் அல்ல. எங்கள் காணிக் கந்தோர் வாசலுக்கு எதிரே ஒரு மேசையும் தட்டெழுத்துப் பொறியும் போட்டுக்கொண்டு 1955 தொடக்கம் நான் எழுதுவதெல்லாம் சனங்கள் அரசாங்கத்துக்குப் போடுகிற பெட்டிசம். இதையும் பெட்டிசம் எழுதுகிற மாதிரித்தான் எழுத வரும். மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

முதலில் அவருக்குச் சேரவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கந்தோர் உத்தியோகத்தர்களில் கை சுத்தமான மனிதர். யாராவது ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே போனால், பழத்தை வாசல்வரை தானே தூக்கி வந்து அவர்கள் கையில் திருப்பிக் கொடுப்பார். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். எந்த ஏழை வந்தாலும் இருக்கச் சொல்வார். இருக்கச் சொல்வாரே தவிர, வந்த காரியம் அன்றைக்கு முடியாது. என்னுடைய பெட்டிசங்களைச் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது என்றே நான் நினைத்தேன். பக்க இலக்கம் இல்லை என்று ஒருமுறை வரும். கையொப்பம் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்று இன்னொருமுறை வரும். முத்திரை கோணலாக ஒட்டியிருக்கிறது என்று ஒருமுறை வந்தபோது, அதைக் கிழித்து அவர் மேசையில் எறியலாமா என்று யோசித்தேன். எறியவில்லை. நாளைக்கும் அந்த வாசலில்தான் நான் பிழைக்கவேண்டும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவர் கந்தோரில் இரண்டாம் இடத்தில் இருந்தார். சிங்களம் படித்துத் தேறாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை என்று பிறகு சுற்றறிக்கை வந்தது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு படித்தார்கள். சிலர் ரோசத்தோடு வேலையை விட்டார்கள். ஐயா இரண்டையும் செய்யவில்லை. படிக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று இருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் சத்தியாக்கிரகம் நடந்த 1961இல் அவருடைய மனம் முழுக்க அங்கேதான் இருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் தெருவில் போய்க் குந்தியிருக்கலாமா? ஆகவே மேசையில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு சத்தியாக்கிரகத்தை அவர் கண்டுபிடித்தார். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடதாசிகளை வாசிக்கமாட்டார். ஆனால் உரிய இடத்தில் கையெழுத்து வைத்து உரிய நாளில் அனுப்பிவிடுவார். வாசிக்காதது எதிர்ப்பு, கையெழுத்து வைத்தது கடமை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் இப்படி ஒரு யோசனை உதித்திருக்காது.

கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தவரை அந்த விளையாட்டால் பெரிய சேதம் வரவில்லை. அவர் கடதாசியின் சாரத்தை வாயால் சொல்லுவார், ஐயா கூரையைப் பார்த்தபடி கேட்பார். 1961 நடுப்பகுதியில் மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகிப் போனார். கடதாசிகள் குவிந்தன. கொழும்பிலிருந்து நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் வந்தது. ஒரு நாள் ஐயா பேனையைத் திறந்து பதினொரு கடதாசியில் ஒரே இருப்பில் கையெழுத்து வைத்தார். இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிய இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

எனக்குத் தெரிய வந்தது அதன் விளைவு மாத்திரம்தான். 1962 தொடக்கத்தில் அருமைநாயகி என் மேசைக்கு வந்தாள். மயிலிட்டிக்குக் கிழக்கே கடற்கரையோடு இரண்டு பரப்பு முடிக்குரிய காணி, அதாவது அரசாங்கத்தின் நிலம். அவளுடைய புருஷன் யாகோப்புக்கு, அவனுடைய தகப்பன் காலத்திலிருந்தே அதற்கு வருடாவருடம் பெர்மிட் கிடைத்து வந்தது. அதில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு வீடு, ஒரு கிணறு, வள்ளத்தை இழுத்து வைக்கிற துறை. அந்த வருடம் பெர்மிட்டுக்குப் பதிலாக ஒரு சிங்களக் கடிதம் வந்திருந்தது. பட்டணத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்களவர் ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன். குடியிருப்பாளர் எவருமில்லை என்று உறுதிப்படுத்தப்பட்டதால் அக்காணி அரசாங்கத் தேவைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. நான் சொன்னதும் அருமைநாயகி சிரித்துவிட்டாள். அவளும் யாகோப்பும் அவனுடைய தாயும் நாலு பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதிக காலம் நிற்கவில்லை. பெர்மிட் இல்லாத காணியில் கல்லு வீடு கட்ட முடியாது. பெர்மிட் இல்லாத துறைக்காரனுக்கு அரசாங்கக் கடனில் எஞ்சின் வள்ளம் கொடுக்கமாட்டார்கள். பக்கத்துத் துறைக்காரரெல்லாம் எஞ்சின் பூட்டிக்கொண்டு ஆழக்கடலுக்குப் போக, யாகோப்பு பாயை விரித்துக்கொண்டு கரையோரமாகவே அலைந்தான். பெடியள் வளர்ந்து, தங்கள் துறையில் தொழில் இல்லாமல், குருநகரில் மற்றவர்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார்கள். 1974இல் யாகோப்பு நெஞ்சுவலி வந்து செத்தான். அதுவரைக்கும் அவன் பெயரில் எழுதினேன், பிறகு அவள் பெயரில் எழுதினேன். ஆழ்வாப்பிள்ளை ஐயா அந்தக் கந்தோரில் இருந்த காலத்தில் மாத்திரம் பதினாலு பெட்டிசம். பதினாலும் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தன.

ஐயாவோ மேலே மேலே போனார். 1964இல் திடீரென்று சிங்களப் பரீட்சை எழுதித் தேறினார். அதே பேக்கரிக்காரரிடம் பின்னேரங்களில் ஒளித்துப் போய்ப் படித்தாராம். ஊர் வாயைப் பிளந்தது. கந்தோரின் தலைவரானார். 1976இல் கொழும்பில் ஒரு அமைச்சில் பெரிய கதிரை கிடைத்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தவரை 1982இல் திரும்பவும் அழைத்தார்கள். அரசாங்கக் கந்தோர்களால் அநியாயம் செய்யப்பட்டவர்களின் முறைப்பாட்டை விசாரிக்கக் குறைகேள் கந்தோர் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் பிரதி ஆணையாளர், வடபகுதி மனுக்களுக்குப் பொறுப்பு. பேப்பரில் அவருடைய படம் வந்தது. குறை கேட்பதற்கு நாட்டில் இவரைத்தானா கிடைத்தது என்று பேப்பரை மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

1983 மாசி மாதம் அவரே என் மேசைக்கு வந்தார். என்னிடம் எழுத வருகிறவர்கள் இருக்கிற மர வாங்கில் இருந்தார். அருமைநாயகி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஒதுக்கிய காணியில் ஐஸ் தொழிற்சாலை கட்டப் போகிறார்கள், மார்கழிக்குள் எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது என்றேன். தனக்கும் அது தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"செபநாயகம், அந்தப் பெட்டிசத்தைத் திருப்பி எழுதும். இந்த முறை என்ரை பேரைப் போட்டு எழுதும்."

பதினொரு கடதாசியின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. அதில் ஒன்றில், அந்தக் காணியில் குடியிருப்பாளர் எவருமில்லை என்று அவர்தான் உறுதிப்படுத்தியிருந்தார். என் முதல் பெட்டிசத்திலிருந்தே அது தன் கையெழுத்தின் வேலையோ என்று அவருக்குச் சந்தேகம். சிங்களம் படித்தவுடன் பழைய பிரதிகளை எடுத்துத் தானே வாசித்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே தெரிந்துவிட்டது. காணியை மறுபரிசீலனை செய்யும்படி கொழும்புக்கு எழுதியிருக்கிறார். முதலில் என்ன ஆதாரத்தில் உறுதிப்படுத்தினீர் என்று கேட்டுப் பதில் வந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரியை எழுத அவருக்குக் கை வரவில்லை.

தட்டெழுத்துப் பொறியின் மூடியைத் தூக்கி அவர் தலையில் போட்டாலென்ன என்று இருந்தது. பதினாலு பெட்டிசத்துக்கும் ஏன் பிழை பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"மேலை அனுப்பினா என்ரை கையெழுத்தைப் பற்றிக் கேப்பினம். அனுப்பாமல் வைச்சிருந்தா நீர் வந்து கேப்பீர். பிழை பிடிச்சு அனுப்பினா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்," என்றார்.

எழுதினேன். அவருக்காக அல்ல. அடுத்த நாள் இருவரும் பஸ்ஸில் மயிலிட்டிக்குப் போனோம். அருமைநாயகி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே முழுவதையும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"நாங்கள் இஞ்சை இருக்கிறம் எண்டு ஐயாவுக்கு இவ்வளவு காலமும் தெரியுமோ?"

"ஓம், தெரியும்," என்றார்.

அவள் வலையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்து, பெட்டிசத்தில் ஒப்பம் வைத்தாள்.

அதை அவர் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய் விசாரணையைத் தொடங்கியிருக்கலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? முடியாதாம். குறைகேள் கந்தோர் சனங்களிடமிருந்து நேரே மனு வாங்காது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கையெழுத்து வைத்து, அது சபைக்குப் போய், சபை அனுப்பினால்தான் வாங்கும். குறை சொல்ல வருகிறவன் முதலில் பெரிய மனிதரைப் பிடிக்கவேண்டும் என்று சட்டம் எழுதியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று மாதம் அலைந்து எங்கள் பகுதி உறுப்பினரின் கையெழுத்தை வைகாசியில் வாங்கினேன். மனு கொழும்புக்குப் போனது.

ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. ஐயா வாடகைக்கு இருந்த வீடும் எரிந்தது. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில், உடுத்த உடுப்போடு, காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். மனுவின் கடதாசிகளைக் கட்டிய கோவை கொழும்பில் கிடந்தது. ஐப்பசியில், சபைக்குப் போகாமல் விட்ட எங்கள் உறுப்பினர்களுடைய ஆசனங்கள் பறிபோயின. கார்த்திகையில் அருமைநாயகிக்குக் கடிதம் வந்தது. மனுவை முன்வைத்தவர் தற்போது உறுப்பினர் அல்லாதபடியால் அதனைத் தொடர முடியாது, தங்கள் பகுதி உறுப்பினர் ஊடாக மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று இருந்தது. எங்கள் பகுதிக்கு உறுப்பினரே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பெட்டிசம் எழுத வழி தெரியாமல் போனது.

ஐயா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். சத்தியக் கடதாசி ஒன்றை மூன்று மொழியிலும் தானே எழுதினார். 1961இல் நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன், அந்த உறுதி பொய், அங்கே குடும்பம் இருந்தது, இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதினார். பத்தொன்பது வருடம் வராத வரி வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒரு இடத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு மறந்துபோனார்கள். அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, உழவு இயந்திரமும் பத்துக் கூலியாட்களும் இரண்டு பொலிஸ்காரரும் வந்து இறங்கினார்கள். கூட்டி வந்தவர் காணிக் கந்தோரின் அப்போதைய தலைவர் முருகேசு. ஆழ்வாப்பிள்ளை ஐயாவின் கீழே எழுதுவினைஞராகச் சேர்ந்து வேலை பழகியவர். ஐயா வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குக் குறுக்கே நின்று சத்தியக் கடதாசியை நீட்டினார். முருகேசு மரியாதைக்குக் குறைவில்லாமல் வாங்கி, மூன்று மொழியிலும் வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இதிலை கோவை இலக்கமும் இல்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை. உங்கடை சொல்லை நான் நம்புறன். ஆனா நம்பி நிப்பாட்டினா நாளைக்கு என்னைக் கேப்பினம்."

ஐயா கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான்தான் சொல்கிறேனே, நான்தானே கையெழுத்து வைத்தவன், நான் பொய் என்கிறேன், இன்னும் என்ன ஆதாரம் என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். பொலிஸ்காரர் அவரை ஓரமாகப் போகச் சொன்னார்கள். கூலியாட்கள் வேலியை இழுத்துப் போடத் தொடங்கினார்கள்.

அருமைநாயகி அவர்களை வீட்டில் கைவைக்க விடவில்லை. அவர்கள் வருமுன்பே கிடுகைத் தன் கையால் இறக்கி அடுக்கியிருந்தாள். கழற்றின கூரை மரங்களும் முகட்டு வளையும் பக்கத்திலே கிடந்தன. மகன்மார் தொழிலுக்குப் போய்த் திரும்பியிருக்கவில்லை. அவள் ஐயாவைப் பார்த்தாள்.

"ஐயா, கதைச்சது காணும். முகட்டு வளை பாரமாக் கிடக்கு, தனியத் தூக்கேலாது. அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

அவர் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய் வளையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இருவரும் அதைத் தோளில் ஏற்றி, ஒழுங்கையால் மெல்ல நடந்து றோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். எங்கே வைக்கிறது என்று அவர் கேட்டார். அவள் அங்குமிங்கும் பார்த்தாள். வளையைத் தோளில் வைத்தபடியே இரண்டு பேரும் நின்றார்கள்.